கறுத்துப்போன எழுபத்தொரு ரசீதுகள்

புதன்கிழமை மத்தியானம் லாண்டரியம்மா தகர டப்பாவைத் திறந்தபோது, உள்ளே இருந்த எழுபத்தொரு ரசீதும் கன்னங்கரேலென்று இருந்தன. ஒன்றிரண்டு என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அத்தனையும் கறுப்பு. மேலே கிடந்ததை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேதி இல்லை, தொகை இல்லை, வரி வரியாக இருந்த கணக்கு எதுவுமே இல்லை. திருப்பினால் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பழுப்பேறி, பைனான்ஸ் கம்பெனி தாளிலேயே அச்சடித்திருந்த நீல முத்திரை அழியாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷத்துக்கு முன்புதான் வக்கீல் போன் செய்திருந்தாள். இலவச சட்ட உதவியில் கிடைத்த சின்னப் பெண். குரலைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விஷயத்தில் கெட்டி.

"அக்கா, கம்பெனிக்காரங்க ஆட்சேபணை போட்டிருக்காங்க. நீங்க எழுபத்தொரு வாரம் கட்டினேன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. அவங்க முப்பத்தெட்டுதான் வந்துச்சுங்கிறாங்க. நாளைக்கு ஒரிஜினல் ரசீது எல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க. அது போதும், அவங்க வாயை மூடிடலாம்."

"எல்லாம் பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் டப்பாவை எடுக்கவே போனாள். இருந்தன, பத்திரமாகத்தான் இருந்தன.

அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். லாண்டரி அவள் பெயரில் இருந்தது. பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி அரை சதவீதம் குறைவு என்று கம்பெனிக்காரன் ஆசை காட்டியதால் கடனும் அவள் பெயரில்தான். இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு டிரையர், விரிப்புகள் தேய்க்கும் ரோலர். ஊரிலிருந்த ஏழு ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் அங்கேதான் வெளுத்தது. நோய் வந்தது, ஓட்டலெல்லாம் ஒரே வாரத்தில் மூடியது. படுக்க ஆளில்லாத படுக்கைக்கு விரிப்பு எதற்கு? ஆஸ்பத்திரி துணி மட்டும் வந்தது. அதையும் ஆறு வாரத்துக்குமேல் நடத்த முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கடைசியில் கட்ட முடியாமல் போய், மூன்று வாரத்துக்கு முன்பு திவால் மனு கொடுத்தாள். விசாரணை நாள் வரைக்கும் யாரும் அவள் வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு தற்காலிகத் தடை வாங்கித் தந்திருந்தாள் வக்கீல். அந்த நாள், வியாழக்கிழமை.

மனு தள்ளுபடியானால் வெள்ளிக்கிழமை காலையிலேயே கம்பெனி லாரி வந்து நிற்கும். அது போனால் போகட்டும், மெஷின் எப்படியும் போகப்போகிறதுதான். ஆனால் சத்தியம் செய்து கொடுத்த மனுவில் பொய்க் கணக்கு எழுதினாள் என்று ஆகிவிட்டால் கேஸ், ஜெயில். மனுவின் கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை அவள் மூன்று முறை படித்திருந்தாள். அந்த நாளிலெல்லாம் ஜெயில் என்றாலே நோய் என்றுதான் அர்த்தம். உள்ளே போனவர்கள் எண்ணிக்கை ஒன்று, வெளியே வந்தவர்கள் எண்ணிக்கை வேறு என்று பேப்பரிலேயே வந்திருந்தது. 

வசூல்காரனைக் கேட்கலாம் என்றால் அவன் இல்லை. சனிக்கிழமை தோறும் கையில் சின்ன மெஷினோடு வந்து, "அக்கா, இந்த வாரம்" என்று நிற்பான். பணத்தை வாங்கி, பொத்தானை அழுத்தி, கிழித்துக் கொடுப்பான். மூன்று மாதமாக ஆளைக் காணோம். போன் அணைந்து கிடந்தது. முப்பத்து மூன்று வாரப் பணத்தோடு அவன் ஓடிப்போனானா, நோய் அவனைக் கொண்டுபோனதா, ஒருவருக்கும் தெரியாது.

டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே கடைக்கு இறங்கினாள். இந்தக் கறுப்புக்கு யார் பொறுப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவள் புருஷனை மார்க்கெட்டில் எல்லோரும் கஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் கஞ்சி போடுவதில் மன்னன். அவன் தேய்த்துக் கொடுத்த சட்டையைத் தரையில் நிறுத்தினால் அதுவே எழுந்து வேலைக்குப் போய்விடும் என்று கிண்டல் செய்வார்கள். ஆளும் அப்படித்தான், விறைப்பு. அந்த விறைப்பெல்லாம் ஐந்து மாதத்துக்கு முன்பு அவன் தம்பி செத்த அன்றே போய்விட்டது. ஆஸ்பத்திரித் துணியை ஏற்றி இறக்கியவன் அந்தத் தம்பிதான். அவளுக்கு ஆசைக் கொழுந்தன், வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று சுற்றி வருவான். காய்ச்சல் என்று படுத்தான், ஒன்பதாம் நாள் இல்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை, கட்டி எடுத்துப்போய்விட்டார்கள்.

அன்றைக்குக் கடைக்குள் போனவன்தான் கஞ்சி, அதற்குப்பின் வாசற்படி தாண்டவில்லை. தூக்கமும் கடையில்தான், ஆள் வந்து வாங்காத துணி மூட்டைகளுக்கு நடுவில். வெளியே போய்வருகிறவள் என்பதால் அவள் மாடியில். பேச்சு வார்த்தை கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு காகிதத்தையும் அவன் தேய்த்துவிட்டுத்தான் விடுவான். பேப்பர், கரண்ட் பில், ரூபாய் நோட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் சூடாக, மடிப்பில்லாமல் அவள் கைக்கு வரும். ஊரில் ஒருத்தன் காய்கறியை சோப்புப் போட்டுக் கழுவினான், இவன் காகிதத்தைத் தேய்த்தான். பயத்தில் யார்தான் கோமாளி ஆகவில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

"இதையும் தேய்ச்சீங்களா?" என்று டப்பாவைக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"ஆமா. அப்பவே. வசூல்காரன் கை பட்டதாச்சே."

"திறந்து பாருங்க."

பார்த்தான். ஒன்றை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான். மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல வாயைத் திறந்து மூடினான்.

"நான் பார்க்கவே இல்ல. கவுத்துப் போட்டுத் தேய்ச்சேன். அச்சடிச்ச துணின்னா பின்பக்கம்தானே தேய்க்கணும். முன்பக்கம் தேய்ச்சா அச்சு கெட்டுப்போகுமேன்னு, எழுத்து கெட்டுடக் கூடாதேன்னு, கவுத்துப் போட்டு, மேல துணி விரிச்சு, பத்துப் பத்தா தேய்ச்சு அப்படியே அடுக்கி உள்ள வச்சேன்."

இருபத்தாறு வருஷத் தொழில் சுத்தம். வேறு எவனாவது தேய்த்திருந்தால் முதல் தாளிலேயே கறுப்பதைப் பார்த்துக் கையை எடுத்திருப்பான். மெஷினில் வருகிற அந்த வழவழத் தாளில் மை என்று எதுவும் கிடையாது, சூடு பட்டுத்தான் எழுத்தே விழுகிறது, மொத்தமும் சூடு பட்டால் மொத்தமும் கறுக்கும் என்று வக்கீல் போனில் பிறகு விளக்கினாள். 

"வேற ஏதாவது இருக்காக்கா? நோட்டுல எழுதி வச்சது?"

"இல்லம்மா. ரசீதுதான் இருக்கேன்னு எழுதல."

"சரி. என்ன நடந்துச்சோ அதையே சொல்லுவோம்" என்றாள். சொல்லுவோம் என்று சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை.

வியாழக்கிழமை காலை அவள் தனியாகப் போனாள். கஞ்சியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் துணி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு, "என்னால முடியாது, என்னை விட்டுடு" என்றான். சண்டை போட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

திவால் கோர்ட்டு ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காததால் உடம்பு கணகணவென்றிருந்தது, எங்கே சிவப்பு விளக்கு எரிந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். எரியவில்லை. ஒரு மெஷின் அதே வழவழத் தாளில் டோக்கன் துப்பியது. பெஞ்சில் உட்காரக் கூடாத இடமென்று ஒன்றுவிட்டு ஒன்று பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேர் மடியிலும் பைல். ஜிம் வைத்திருந்தவன், மேடைக்கு மைக் செட் கட்டுகிறவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. எல்லாக் கண்ணும் ஒரே மாதிரி இருந்தன.

அவள் முறை பதினொன்றேகாலுக்கு வந்தது.

அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து துடைத்துக்கொண்டேயிருந்தார். இந்தப் பக்கம் கம்பெனி ஆள், வெள்ளைச் சட்டை, கையில் அச்சடித்த கணக்கு. வக்கீல் பெண் டப்பாவைத் தடுப்பின் அடியில் தள்ளினாள். அதிகாரி ஒரு ரசீதை நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ரசீதுங்கய்யா. என் வீட்டுக்காரர் தேய்ச்சுட்டார்."

"என்ன செஞ்சார்?"

"இஸ்திரி போட்டுட்டார் ஐயா. நோய்க்குப் பயந்து."

கம்பெனி ஆள் சிரித்தே விட்டான். "ஐயா, கரியைப் பூசிக்கிட்டு வந்து காதுல பூ சுத்துறாங்க. எங்க முத்திரை போட்ட ரசீது ரோலை எங்கேயோ கைப்பத்தி, துண்டு துண்டா வெட்டி, கறுப்படிச்சுக் கொண்டாந்திருக்காங்க. கட்டாத பணத்தைக் கட்டினதாச் சொல்றதுக்கு. இதையே எங்க வசூல் ஆள் எடுத்துட்டான்னு பழி போடுவாங்க. அந்த ஆளும் இப்ப இல்லைன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டுதான்."

"பொய் இல்லைங்கய்யா" என்றாள்.  

அதிகாரி மனுவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தடித்த எழுத்துப் பக்கம்தான்.  மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"படிச்சேன் ஐயா."

"நான் யாரையும் வேணும்னு உள்ள தள்றவன் இல்லை. ஆனா வெறும் கறுப்புத் தாளை வச்சு நான் என்னன்னு எழுதுறது? தேய்ச்சவர் எங்கே? அவரைக் கூப்பிடுங்க. பன்னிரண்டரைக்குள்ள வந்து சொல்லட்டும். வரலைன்னா தள்ளுபடி. மத்தது அப்புறம்." மத்தது என்பது என்ன என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியம் அவளுக்கும் இல்லை.

வராந்தாவின் மூலைக்குப் போய் போன் போட்டாள். கஞ்சி எடுத்தான். நடந்ததைச் சொன்னாள். 

"நான் வந்து என்ன சொல்லப் போறேன். நீயே சொல்லு."

"சொல்லிட்டேன். சிரிக்கிறாங்க."

"வாசல் வரைக்கும் போனாலே எனக்குக் கை கால் உதறுது."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் கத்துவாள். அன்றைக்குக் கத்த வரவில்லை. "எனக்கும் உதறுதுங்க. ரொம்பப் பயமா இருக்கு. என்னை உள்ள வச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு. நான் தனியா நிக்கிறேன்" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவனிடம் அவள் சொன்னதே கிடையாது. போன் கட்டானது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வராந்தாவில் யாரோ இருமினார்கள். மைக் செட்காரன்தான். ஒரே நொடியில் அவனைச் சுற்றி நாலு பெஞ்சு காலியானது. "தண்ணி புரைக்கேறிடுச்சு" என்று அவன் எல்லோரிடமும் கெஞ்சுவது போலச் சொன்னான். அவளும்தான் எழுந்து போனாள். போன பிறகு வெட்கமாக இருந்தது, ஆனாலும் திரும்பிப் போகவில்லை. பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு. கடையிலிருந்து கோர்ட்டுக்கு நடந்தால் அரைமணி நேரம். பஸ்ஸில் அவன் ஏறமாட்டான். பன்னிரண்டேகால் ஆனபோது வக்கீல் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், அவள் நகத்தைக் கடிக்க முகமூடிக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. காவலாளி ஒருவனும் கஞ்சியும் மேலே வந்தார்கள். வெயில் கொளுத்துகிற நாளில் மழைக்கோட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகமூடி, சாயத்தொட்டியில் போடுகிற முழங்கை வரைக்குமான ரப்பர் கையுறை. கையில் ஒரு பை, அதிலிருந்து ஒயர் தொங்கியது. பைக்குள் இருந்தது இஸ்திரிப் பெட்டி. இது ஆயுதமா இல்லையா என்று வாசலில் ஐந்து நிமிஷம் வாக்குவாதமாம். அவன் முகத்தில் தெரிந்த கொஞ்ச இடமும் வேர்த்து வழிந்தது. அவளைப் பார்த்தான். நேராக உள்ளே போனான்.

"தேய்ச்சது நான்தான் ஐயா. எப்படி ஆச்சுன்னு காட்டுறேன். பிளக் எங்கே இருக்கு?"

அதிகாரி கோர்ட்டுச் சேவகனான டவாலியைப் பார்த்துத் தலையசைத்தார். டவாலி பிரின்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இடம் காட்டினான். கஞ்சி மேஜை ஓரத்தில் ஒரு வேட்டித் துண்டை நாலாக மடித்து விரித்தான். பெட்டி சூடாகும் வரைக்கும் காத்து நின்றான். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தான். சுர்ரென்றது.

"ஐயாவே ஒரு டோக்கன் கொடுங்க. என்கிட்ட இருக்கிறதை எடுத்தா நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்வாங்க."

டவாலி வெளியே போய் மெஷினில் புது டோக்கன் ஒன்று கிழித்துக் கொண்டுவந்தான். அதிகாரி அதை வாங்கி, எண்ணைச் சத்தமாகப் படித்தார். நூற்றுப் பதினாலு. கஞ்சி அதை வாங்கிக் கவிழ்த்துப் போட்டான், மேலே மெல்லிய துணி விரித்தான், பெட்டியை வைத்து ஐந்து எண்ணினான், எடுத்தான். டோக்கனைத் திருப்பித் தடுப்பின் அடியில் தள்ளினான். நூற்றுப் பதினாலைக் காணோம். டப்பாவில் இருந்தவற்றின் அதே கறுப்பு.

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கம்பெனி ஆளும் எட்டிப் பார்த்தான். ஆனால் அவன் விடுகிறவன் இல்லை.

"கறுக்கும், சரி ஐயா. ஆனா காகிதத்தை எவனாவது தேய்ப்பானா? வேணும்னே கறுக்க வச்சிருக்கலாமில்ல. ஆதாரம் இல்லாம ஆக்கிட்டு, இஷ்டத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லலாமில்ல."

"அதுவும் கேள்விதான்" என்றார் அதிகாரி. கஞ்சியைப் பார்த்தார். "சொல்லுங்க. காகிதத்தை ஏன் தேய்ச்சீங்க?"

"நோய் ஒட்டியிருக்கும்னு."

"காகிதத்துலயா? காத்துல வர்றதுன்னு எல்லா டாக்டரும் சொல்லியாச்சே."

கஞ்சி கையுறையை உருவத் தொடங்கினான். ஏன் உருவினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஒன்றை உருவி, அதைப் பையில் வைத்து, வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் தம்பி ஆஸ்பத்திரியிலேர்ந்து துணி எடுத்துட்டு வருவான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு. தினம் நூறு, நூத்தம்பது சீட்டு. வண்டியிலயே எண்ணிக் கணக்குச் சொல்லணும். அவனுக்கு எண்ண வராது, ரெண்டு ரெண்டா ஒட்டிக்கும், தப்புத் தப்பாச் சொல்வான். நான் திட்டுவேன். அப்புறம் நான்தான் கத்துக்கொடுத்தேன். விரலை நாக்குல தொட்டுக்கடா, சர்ருன்னு போகும்னு. நாங்க பெட்டிச் சூடு பாக்க விரலை நாக்குல நனைச்சுத்தான் பெட்டியைத் தொடுவோம், அந்தப் பழக்கம். அவனும் அப்படியே எண்ணினான். ஆஸ்பத்திரிச் சீட்டை. மூட்டைக்கு மேல குத்தியிருந்த சீட்டை. 'அண்ணே, இப்பல்லாம் தப்பே வர்றதில்ல'ன்னு சொன்னான். நல்லாயிருக்குடான்னு சொன்னேன். அந்த வாரம்தான் படுத்தான்."

பிரின்டரை மறுபடி மாட்டப் போன டவாலி ஒயரோடு அப்படியே நின்றான்.

"காத்துலதான் வந்துச்சோ என்னமோ. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு நாக்குல வச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வர்ற எந்தக் காகிதத்தை இவ எண்ணினாலும் இவ விரல் எங்கே போகுதுன்னு பாத்துட்டே இருப்பேன். பாத்துட்டே இருக்க முடியல. அதான் தேய்க்க ஆரம்பிச்சேன். ரசீதைக் கெடுக்கணும்னு இல்லைங்கய்யா. இவளைக் காப்பாத்தணும்னுதான். கடைசியில இவளைத்தான் மாட்டி விட்டுட்டேன்."

லாண்டரியம்மா பெருக்கல் குறி போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், பேய் பிடித்தவன், பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் அவனை எத்தனை தடவை ஏசியிருக்கிறாள். இது அவளுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை வெகு நேரம் துடைத்தார். பிறகு டப்பாவை டவாலியிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். டவாலி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினான். பின்பக்கம் மேலே தெரியும்படி, முத்திரை முத்திரையாக. எழுபத்தொன்று.

"இது உங்க கம்பெனி முத்திரைதானே?" என்று கம்பெனி ஆளிடம் கேட்டார்.

"ஆமாங்கய்யா. ஆனா..."

"வாரம் ஒரு தடவைக்கு ஒரு ரசீதுதானே கொடுப்பீங்க?"

"ஆமாங்கய்யா."

"ரோல் காணாம போச்சுன்னு எங்கேயாவது புகார் கொடுத்திருக்கீங்களா?"

கம்பெனி ஆள் தன் கணக்குத் தாளைப் புரட்டினான். அதில் அதற்குப் பதில் இல்லை. அதிகாரி எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படித்தும் காட்டினார். மனுதாரர் ஏமாற்றும் நோக்கத்தோடு நடந்ததாகத் தெரியவில்லை, மனு ஏற்கப்படுகிறது, தடை நீடிக்கிறது. எத்தனை வாரம் கட்டப்பட்டது என்பது தகராறில் உள்ளது, அது பிறகு தீர்மானிக்கப்படும், வசூல்காரனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. மெஷின்கள் கோர்ட்டுப் பொறுப்பில் ஏலத்துக்குப் போகும். கைத்தொழிலுக்கான இஸ்திரிப் பெட்டியும் மேஜையும் அவர்களுக்கே.

"இன்னையிலேர்ந்து நீங்க திவாலானவர்னு பதிவாகும். புரியுதாம்மா?"

"புரியுதுங்கய்யா" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று வக்கீல் பெண்ணின் கண்கள் சொல்லின. அவளுக்கு அது வரவில்லை.

வெளியே வந்தார்கள். கோர்ட்டுக்கு எதிரே பூட்டிய கடைகளின் வரிசை. தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்றைத் தவிர வேறு வண்டி இல்லை. கஞ்சி மழைக்கோட்டைக் கழற்றவில்லை. ஒரு கையில் கையுறை, மறு கை வெறும் கை. அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தான். ஒரு கடையின் இறக்கிய ஷட்டர் முன்னால் வந்ததும் அவள் நின்றாள்.

"இவ்வளவு நாளா ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவன் தெருவைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா நீ, 'அது உங்க தப்பு இல்ல'ன்னு சொல்லியிருப்பே."

"ஆமா."

"அதைக் கேக்கத்தான் பயம்."

அந்த வார்த்தையைத்தான் அவள் அப்போதும் நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அறையிலிருந்து வெளியே வந்ததிலிருந்து அதைச் சொல்லத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

காலையில் அவளுக்கு இருந்த பயத்துக்கு ஒரு கட்டிடம் இருந்தது, மாடி இருந்தது, டோக்கன் எண் இருந்தது. போய் நின்று, கேட்டதற்குப் பதில் சொன்னால் ஒரு முடிவு எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அவள் முன்னால் ஒரு கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பற்றி வந்த பயத்துக்கு எங்கே போய் மனு கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவில் தினமும் படுத்துக்கொண்டு என்னென்ன நினைத்திருப்பான் என்று யோசித்தாள். இனி ஒரு ராத்திரிகூட அவனைத் தனியாக விடக் கூடாது என்று தோன்றியது.

"இன்னைக்கு மாடியில வந்து படுங்க" என்றாள்.

 அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள், வெயிலில் அவன் திணறிவிடாதபடி நிழல் பார்த்து மெதுவாக நடந்தாள்.